துளையளவின் அரசியல்: கொல்கத்தாவிலிருந்து ஒரு குறிப்பு

வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகச் சிறுதுளை கொண்ட லீவர் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் இது கடைக்காரரிடம் கேட்கப்படும் எளிய வினா. கொல்கத்தாவில் கேட்டால் இது வரலாற்று வினாவாக மாறிவிடுகிறது. எந்தத் துளை யார் கையில் இருக்கலாம் என்பதை இந்நகரத்தைச் சுற்றி எழுந்த ஆயுதச் சாலைகளும் சட்டங்களும் அச்சங்களுமே நீண்ட காலம் முடிவு செய்துவந்தன. அந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்துக் காண்பதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் துளையளவு என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். எண் கூடக்கூடத் துளை சிறுத்துவிடும். 12 போரின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 போருக்கு 15.6, 28 போருக்கு 14. சிறியவற்றுள் பெயர்பெற்ற .410 மட்டும் இக்கணக்கிற்கு வெளியே நிற்கிறது. அது அங்குலத்தில் அளந்த விட்டம்; ஏறத்தாழ 10.4 மில்லிமீட்டர்.

புறாக்களுக்கு மாற்றாகக் களிமண் தட்டு 1880இல் சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகவ்ஸ்கியால் உருவானது. 1920களில் ஸ்கீட் என்ற ஆட்டவகை அமெரிக்காவில் வளர்ந்தபோது 12, 20, 28, .410 ஆகிய நான்கு துளைகளுக்கும் தனித்தனிப் போட்டிகள் ஏற்பட்டன. .410 தோள் நோகாத துப்பாக்கி. ஆகவே தொடக்கநிலையாளருக்கு உரியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் இன்றைய ஒலிம்பிக் தோட்டாவில் 24 கிராம் வரை ரவை இருக்கலாம், ஸ்கீட்டில் வழங்கும்.410 தோட்டாவிலோ ஏறத்தாழ 14 கிராம்தான். ரவை குறைந்தால் அதன் விரிவில் இடைவெளி கூடும், தட்டு தப்பிவிடும். எனவே அது கைதேர்ந்தவரின் கருவி.

லீவர் பொறியமைப்பின் கதை வேறு. கைப்பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலை முன்தள்ளி இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறி அடுத்தது குழலேறும். வின்செஸ்டர் நிறுவனத்துக்காக ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1887ஆம் ஆண்டு மாதிரி, பெயர்பெற்ற முதல் லீவர் ரவைத் துப்பாக்கி. முன்பிடியை இழுத்து இயக்கும் பம்ப் முறையே மேல் என்று பிரௌனிங் கருதினார். லீவர் தன் அடையாளம் என்பதால் நிறுவனம் அதையே விரும்பியது. அதன்பின் அவரே வடிவமைத்த பம்ப் துப்பாக்கிகள் சந்தையை வென்றன. 1929 முதல் சில ஆண்டுகள் மார்லினும், 2001இல் 9410 என்ற பெயரில் வின்செஸ்டரும் .410 லீவர் துப்பாக்கிகளை வெளியிட்டன. அவற்றின் கவர்ச்சி பெரும்பாலும் பழமை மீதான ஏக்கமே.

இனிக் கொல்கத்தாவுக்கு வருவோம்.

1802 மார்ச் 18 அன்று காசிப்பூரில் பீரங்கி வண்டிச் சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் தம் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்நாளைத்தான். இஷாப்பூரில் வெடிமருந்துச் சாலை அதற்கும் முன்பே எழுந்திருந்தது. அதே இடத்தில் 1904இல் ரைபிள் தொழிற்சாலை அமைந்தது. நகரின் வணிக வீதிகளில் மான்ட்டன், ரோடா போன்ற ஆங்கிலேய நிறுவனங்கள் தம் பெயர் பொறித்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளை வேட்டைக்காரத் துரைமார்களுக்கும் குறுநில மன்னர்களுக்கும் விற்றன. வங்காளிகளும் இவ்வணிகத்தில் இருந்தனர். ஜோராசாங்கோவின் துப்பாக்கி வணிகக் குடும்பமான தாவ் இல்லத்தில் துர்கா பூசையின் சந்தி வேளையில் சிறு பீரங்கி ஒன்றை வெடிப்பது இன்றும் மரபு.

வணிகம் செழித்த அதே நகரின் புறத்தே அச்சமும் பிறந்தது. 1857 சனவரியில், கொழுப்பு தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சு பரவத் தொடங்கியது டம் டம் பாசறையிலிருந்து. எழுச்சி ஒடுக்கப்பட்ட பின் இந்தியச் சிப்பாய்களுக்கு என்பீல்டு துப்பாக்கியின் மாற்றுவடிவம் ஒன்று தரப்பட்டது. அதன் குழலில் சுழல்வரிகள் இல்லை. சுழல்வரியின்றிக் குண்டு நெடுந்தொலைவு குறிதவறாமல் செல்லாது. வெளித்தோற்றத்தில் அது வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கி போன்றதே. வேறுபாடு முழுவதும் குழலுக்குள். வழுவழுப்பான துளை என்பது அவநம்பிக்கையின் பொறியியல் வடிவம் என்று நான் வாசிப்பது இங்கிருந்துதான்.

சட்டம் இதையே குடிமக்களுக்கும் விரித்தது. லிட்டன் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியர் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. தமிழ் மாணவர்கள் இங்கு நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று: 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாட்டில் இச்சட்டத்தை நீக்குமாறு வாதிட்டவர் வங்காளத்தின் பிபின் சந்திர பால். வின்செஸ்டரின் லீவர் துப்பாக்கி வெளிவந்ததும் அதே ஆண்டுதான். ஒரு நாட்டில் பொறியமைப்பைத் தேர்வது வாங்குவோரின் விருப்பமாயிருக்க, மற்றொரு நாட்டில் கருவியை வைத்திருப்பதே தகுதியின் வினாவாக இருந்தது.

அடுத்து அச்சம் துளையின் எண்ணையே பற்றிக்கொண்டது. படையின் தோட்டாக்கள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்ச் சேரலாம் என்பதால் 1907ஐ ஒட்டி .450, .303 துளைகளுக்கு இந்தியாவில் தடை வந்தது. .450 என்பது மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் அளவு. கைப்பிடிக்குக் கீழ் லீவர் கொண்ட அதுவே இத்துணைக்கண்டம் நன்கறிந்த லீவர் துப்பாக்கி. இலண்டன் தொழிலாளர்கள் உடனே .465, .470 போன்ற புதிய வேட்டைத் துளைகளை உருவாக்கினர். அவை யானையையும் காட்டெருமையையும் வீழ்த்தின. அவற்றைப் பிறப்பித்ததோ இந்தியச் சட்டம். .303க்கு மாற்றாக .315 வழக்கிற்கு வந்ததும் இவ்வாறே. இஷாப்பூர் அதைப் பிற்காலத்தில் குடிமக்களுக்காக உற்பத்தி செய்தது.

தடைகள் அஞ்சியது நடக்காமல் இல்லை. 1911 சூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. லீவர் ரவைத் துப்பாக்கியை வடிவமைத்த அதே பிரௌனிங்கின் படைப்பு. மூன்றாண்டுகள் கழித்து, 1914 ஆகஸ்ட் 26 அன்று, ரோடா நிறுவனத்தின் எழுத்தர் சுங்கச் சாலையிலிருந்து 202 பெட்டிகளை விடுவித்தார்; கிடங்கு சேர்ந்தவை 192. எஞ்சிய பத்தில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. அவை புரட்சிக் குழுக்களிடையே விரைவில் பகிர்ந்தளிக்கப்பட்டன. 1918ஆம் ஆண்டு ரௌலட் குழு அறிக்கையில் இந்நிகழ்வு விரிவாக இடம்பெறுகிறது. மறுவருடச் சட்டம் நாம் அறிந்ததே.

இந்தப் பின்னணியில்தான் .410 இந்தியாவுக்குரிய தனி வடிவத்தைப் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இஷாப்பூரில் .303 லீ-என்பீல்டு ரைபிள்களின் குழல்கள் .410 அளவு வழுவழுப்பான துளைகளாக மாற்றப்பட்டன. தோட்டா அறை அடைக்கப்பட்டது; ஒரு முறைக்கு ஒரு தோட்டாவே இட முடியும். காவலருக்கும் கிடங்குக் காவற்பணிக்கும் இவை வழங்கப்பட்டன. 1857க்குப் பிந்திய குழலின் தருக்கம் இங்கு மீண்டும் வருகிறது: தோற்றத்தில் ரைபிள், ஆற்றலில் அதனினும் குறைந்தது. அமெரிக்கச் சிறுவனுக்கு அணில் வேட்டைத் துப்பாக்கியாக இருந்த .410, வங்காளத்தில் அரசு தன் கடைநிலைக் காவலனை எவ்வளவு நம்பியது என்பதன் அளவுகோலாயிற்று.

விடுதலைக்குப் பின் இன வேற்றுமை நீங்கியது. உரிமமும் பகுப்பும் நீடித்தன. 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தடைசெய்யப்பட்ட துளை, தடைசெய்யப்படாத துளை என்ற பேச்சு அலுவலகங்களில் இன்றும் வழங்குகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தபின், இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு எஞ்சிய கண்ணியமான இலக்கு களிமண் தட்டுதான். 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் பிகானேரின் கர்ணி சிங் பெற்ற வெள்ளி அவ்விளையாட்டுக்கு இந்தியாவில் ஒரு முகத்தை ஏற்கெனவே தந்திருந்தது. வங்காளத்தின் மரபு பெரிதும் ரைபிளைச் சார்ந்தது: 1952 ஹெல்சிங்கியில் ஹரிஹர் பானர்ஜி, 2012 இலண்டனில் நான்காமிடம் பெற்ற ஜாய்தீப் கர்மாகர்.

ஆகவே இன்று கொல்கத்தாவில் ஒருவர் அந்த முதல் வினாவை எழுப்பினால், விடை தெளிவு. களிமண் தட்டுக்கு ஏற்றது மேலும் கீழுமாகக் குழல் அமைந்த 12 போர். உடல் மெலிந்தோர்க்கு 20. அதை மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இல்லை என்பது அருகில் நிற்பவருக்கும் தெரியும். சுடுதளத்தின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. லீவர் துப்பாக்கியில் அந்த வெளிப்படைத்தன்மை இல்லை. இரட்டைத் தட்டுகள் பறக்கையில் இரண்டாம் சூட்டுக்குக் கை நகர வேண்டியுமிருக்கிறது. ஒருவருக்கு இரு துப்பாக்கிகளே என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்த பின், ஏக்கத்துக்காக ஒன்றை வாங்குவது பலருக்கும் இயலாது.

ஆயுதச் சட்டத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் தீர்மானங்கள், உரைகள், வழக்குகள் வழியாகவே எழுதிவருகிறோம். அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையிலுள்ள துப்பாக்கியின் பெயர்ப்பலகை ஆண்டையும் நாட்டையும் சொல்வதோடு நின்றுவிடுகிறது. துளையளவு, சுழல்வரி உண்டா இல்லையா, தோட்டா அறை திறந்ததா அடைத்ததா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்து உரிமப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், எழும்பூரிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் ஏடுகள் வேறொரு கதையைச் சொல்லக்கூடும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.