ஜெசி லிவர்மோர்

ஜெசி லிவர்மோர் (சூலை 26, 1877 – நவம்பர் 28, 1940) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பங்குச் சந்தை ஊக வணிகர் ஆவார். பெருஞ்செல்வத்தைப் பலமுறை ஈட்டி, பலமுறை இழந்தவர்.

வாழ்க்கை

மாசச்சூசெட்சு மாநிலத்தில் பிறந்தார். பதின்ம வயதில் பாஸ்டன் நகரப் பங்குத் தரகு நிறுவனமொன்றில் விலைகளைப் பலகையில் எழுதும் பணியில் சேர்ந்தார். விலை குறையும் எனக் கணித்தால், பங்குகளைக் கடனாகப் பெற்று விற்பார். விலை சரிந்தபின் வாங்கித் திருப்பித் தருவார். இம்முறையில் 1907 நிதி நெருக்கடியிலும் 1929 சந்தை வீழ்ச்சியிலும் பெரும் இலாபம் அடைந்தார். 1929இல் ஈட்டியது ஏறத்தாழ 10 கோடி டாலர் எனக் கூறப்படுகிறது. எனினும் 1934இல் திவாலானார்.

வணிக விதிகள்

* நட்டம் தரும் வணிகத்திலிருந்து விரைவில் வெளியேற வேண்டும்.
* விலை சரியும் பங்கை மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்க முயலக்கூடாது.
* இலாபம் தருவதை அவசரப்பட்டு விற்கக்கூடாது.
* பிறர் கூறும் துப்புகளை நம்பக்கூடாது.

விதிமீறல்

1908இல் மற்றொரு வணிகரின் பேச்சை நம்பிப் பருத்தி வாங்கினார். விலை இறங்கியபோதும் மேலும் வாங்கினார். இலாபத்திலிருந்த கோதுமையை விற்றார். மேற்கண்ட நான்கு விதிகளும் ஒரே வணிகத்தில் மீறப்பட்டன. இதில் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

இறுதிக்காலம்

தம் வணிக முறைகளை விளக்கி 1940இல் நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டு நியூயார்க்கில் தற்கொலை செய்துகொண்டார்.