லின்ஸ் பேராலயமும் ட்ரோம்போனும்

ஐரோப்பிய இசை வரலாற்றைப் பெரும் படைப்பாளர்களின் வரலாறாகவே பயின்று பழகிவிட்டோம். ஆலயத்தின் சடங்குத் தேவை படைப்பாளரைப் பணிகொண்ட இடங்கள் அதனால் நம் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன. பேத்தோவனின் ‘ஈக்வாலி’ அத்தகையதோர் இடம்.

ட்ரோம்போன் பித்தளையாலான ஊதுகருவி. அதன் நெகிழ்குழாயை நீட்டியும் சுருக்கியும் சுரத்தை மாற்றுவர். வால்வு பொருத்தப்பெறாத அக்கால ட்ரம்பெட் இயற்கைச் சுரங்களையே பெரிதும் நம்பியிருக்க, ட்ரோம்போனோ இடைச் சுரங்களையும் குறைவின்றி ஒலித்தது. எனவே ஆலயப் பாடகர் குரலோடு இழைந்து செல்ல அதனால் இயன்றது. ஆஸ்திரியாவில் இறப்புச் சடங்குகளுக்கும் அதுவே உரியதாயிற்று. அச்சடங்குகளில் ஒரே இனக் கருவிகள் சில சேர்ந்து இசைக்கும் சிறு கோவையை ‘ஈக்வாலே’ என்றனர்; சமமானது என்பது அதன் பொருள்.

1812ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பேத்தோவன் தம் தம்பி யோஹானைக் காண லின்ஸ் நகருக்கு வந்திருந்தார். முன்னர் இயேசு சபையினருக்குரியதாயிருந்து, 1785 முதல் 1909 வரை மறைமாவட்டப் பேராலயமாக விளங்கிய ஆலயம் அங்குள்ளது. அதன் இசைத் தலைவர் ஃப்ரான்ஸ் சேவர் குளோகல், நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கென இசை வேண்டினார். நான்கு ட்ரோம்போன்களுக்கான மூன்று ஈக்வாலிகள் பிறந்தன. 1808இல் அரங்கேறிய ஐந்தாம் சிம்ஃபொனியின் இறுதிப் பகுதியில் இக்கருவியை வெற்றி முழக்கமாக ஒலிக்கச் செய்தவர் இவரே. லின்ஸில் அதை அடங்கிய குரலில் பேசவைத்தார். இவற்றைச் சில்லறைப் படைப்புகளாக ஒதுக்குவது பொருந்தாது என்பது நம் கருத்து. ஊர் வழக்கம் ஒன்றை மாற்ற முற்படாமல், அதற்குள் நின்று எழுதிய அடக்கம் இங்கே புலனாகிறது.

1827 மார்ச் 26இல் பேத்தோவன் மறைந்தார். 29ஆம் நாள் வியன்னாவில் நடந்த இறுதி ஊர்வலத்தில், ஸைஃப்ரீட் ‘மிஸரேரே’ என்னும் இலத்தீன் திருப்பாடற் சொற்களைப் பொருத்தியமைத்த இந்த ஈக்வாலி இசையே ட்ரோம்போன்களாலும் ஆடவர் குரல்களாலும் ஒலித்தது. லின்ஸ் மாந்தர் தம் முன்னோரை நினைப்பதற்காக எழுதப்பட்டது எழுதியவருக்கே உரியதாயிற்று.

அப்பேராலயத்தில் 1868 வரை ஆர்கன் இசைஞராயிருந்த ப்ரூக்னரும் 1847இலேயே மூன்று ட்ரோம்போன்களுக்கு இரண்டு ஈக்வாலிகள் இயற்றியவர்தாம். லின்ஸில் எழுந்துகொண்டிருந்த புதிய பேராலயத்தின் நேர்ச்சிச் சிற்றாலயம் 1869இல் அர்ப்பணிக்கப்பட்டபோது, அவருடைய ஈ மைனர் திருப்பலி இசை திறந்தவெளியில் அரங்கேறியது. பாடகர்களுக்குத் துணைநின்றவை ஊதுகருவிகள் மட்டுமே. அவற்றுள் மூன்று ட்ரோம்போன்கள்.