குருத்துவக் கல்வி: தமிழகத் திருச்சபைகளில்

கிறிஸ்தவ சபையில் போதகராகவோ குருவாகவோ பணியாற்ற முன்வருபவர், அப்பணியை ஏற்கும் முன் பெறும் முறையான படிப்பும் பயிற்சியும் குருத்துவக் கல்வி எனப்படும். மறைநூல் ஆய்வு, கிறிஸ்தவக் கோட்பாடு, திருச்சபை வரலாறு, அருளுரைக் கலை, சபைப் பராமரிப்பு ஆகியவை இதன் முதன்மைப் பாடங்கள். சீர்திருத்தச் சபையார் இதற்கான நிறுவனத்தை இறையியல் கல்லூரி அல்லது செமினரி என்றும், கத்தோலிக்கர் குருமடம் என்றும் சொல்கின்றனர். படித்து முடித்தவுடன் ஒருவர் குரு ஆகிவிடுவதில்லை. சபை அவரைத் தேர்ந்து, கைகளை வைத்துத் திருநிலைப்படுத்த வேண்டும். அதன் பின்புதான் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அவர் ‘ஐயர்’. அவர் மனைவி ‘ஐயரம்மா’.

தமிழகத்தில் இக்கல்விக்கு மூன்று நூற்றாண்டு வரலாறு உண்டு. தொடக்கத்திலிருந்தே ஒரு வழக்கு அதில் தீராமல் நடந்துவருகிறது. சபையை நடத்தப்போகிறவருக்கு எவ்வளவு ஏடு வேண்டும், எவ்வளவு ஊர் வேண்டும், இரண்டையும் எந்த மொழியில் கற்பிப்பது என்பதே அந்த வழக்கு.

தரங்கம்பாடித் தொடக்கம்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரப் பள்ளிகளின் மரபில் வந்தவர். படிக்கத் தெரிந்த சபைதான் நிலைக்கும் என்பது அம்மரபின் நம்பிக்கை. தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்த கையோடு, 1716இல் உள்ளூர் இளைஞரைப் பணிக்குப் பயிற்றுவிக்கும் செமினரி ஒன்றை அவர் தொடங்கினார். ஐரோப்பியரின் எண்ணிக்கையை நம்பி இருந்தால் கடற்கரையைத் தாண்டி ஓர் ஊரிலும் சபை ஊன்ற முடியாது என்று அவர் கண்டிருந்தார். மூன்றாண்டுகளில், 1719இல், அவர் இறந்துபோனார்.

அந்த முயற்சியின் பெரிய பலன் 1733இல் கிடைத்தது. கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம், ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனவர், அவ்வாண்டு டிசம்பரில் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தச் சபைக் குருமாரில் முதல்வராக அவரைக் கொள்வது வழக்கம். அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாத சபை ஊழியராக, ஊர் ஊராக நடந்தவர். அவரை வகுப்பறை மட்டும் உருவாக்கவில்லை என்பதைப் பின்வந்த கல்லூரிகள் அடிக்கடி மறந்திருக்கின்றன.

அதே தரங்கம்பாடியில் பயின்ற இன்னொருவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி ஸ்வார்ட்சின் வளர்ப்பில் வளர்ந்து, பயிற்சிக்காக அங்கு அனுப்பப்பட்டவர். அவர் குருப்பட்டம் பெறவில்லை. ஆசிரியராகவும் பாடலாசிரியராகவும் வாழ்ந்தார். குருத்துவக் கல்வி குருமாரை மட்டுமே தந்தது என்று எண்ணுவோருக்கு அவர் பெயரைச் சொன்னால் போதும்.

உபதேசியார் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகச் சபைகள் பெருகின. அவற்றின் அன்றாட வாழ்வை நடத்தியவர்கள் மிஷனரிகள் அல்லர், உபதேசியார்கள். ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது, நோயாளியைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பின்னர் சார்ஜென்ட் அதே ஊரில் பயிற்சி நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1842இல் சாயர்புரம் வந்த ஜி. யு. போப் அங்கே ஒரு செமினரியைத் தொடங்கினார். திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய போப்பை அறிந்த அளவுக்குச் சாயர்புரத்து வாத்தியாரான போப்பைத் தமிழுலகம் அறியவில்லை.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி வேறு வழியில் சென்றது. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் என்று உயர்தரக் கல்வி தந்தது. படித்தவர்களில் பலர் அரசு வேலைக்கும் வேறு தொழில்களுக்கும் போயினர். பணியாளரை உருவாக்கத் தொடங்கிய இடம் அறிஞரை உருவாக்குகிறதே என்ற கேள்வி எழுந்து, 1855இல் அது மூடப்பட்டது. அறிஞரை உருவாக்கியது ஒரு குற்றமா என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. அன்றைய மிஷன் கணக்கில் அது தோல்வி.

இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் முடிக்காதவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானதும், தெலுங்கு நாட்டுச் சிற்றூர்ப் பணியாளரை அவர்தம் மனைவியரோடு சேர்த்தே பயிற்றுவித்தார். கிராமச் சபையில் ஐயரம்மாவின் வேலை ஐயரின் வேலைக்குக் குறைந்ததல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செராம்பூர்ப் பட்டம்

இன்று தமிழகச் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை மதிக்கும் பட்டம் செராம்பூருடையது. வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் 1818இல் வங்காளத்தில் தொடங்கிய கல்லூரிக்கு, பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் சாசனமாக அளித்தார். செராம்பூரும் தரங்கம்பாடியும் அப்போது டேனிஷ் குடியேற்றங்கள். 1845இல் இரண்டும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டபோதும், கல்லூரியின் உரிமை கைவிடப்படவில்லை. வங்காளச் சட்டமன்றம் 1918இல் இயற்றிய செராம்பூர்க் கல்லூரிச் சட்டம் அதை உறுதிசெய்தது. அதன் பேரவையே, ‘செனட்’ என்று வழங்குவது, இந்தியா முழுவதும் இணைந்துள்ள இறையியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்துப் பட்டம் தருகிறது. 1910இல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை இவ்வமைப்பில் அடங்கும்.

குருத்துவத்துக்கான அடிப்படைப் பட்டம் பி.டி. என்னும் இறையியல் இளநிலை. பட்டதாரிக்கு அது பொதுவாக நான்காண்டுப் படிப்பு. எபிரேயமும் கிரேக்கமும் முதல் ஆண்டுகளில் மாணவரை உலுக்கிவிடும். ஆனால் அவற்றின் பயன் விரைவில் தெரியும்: பவர் ஐயர் குழு 1871இல் தந்த பழகிய தமிழ் வேதாகமத்தையும், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தையும், மூலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர், ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஒரு தீர்ப்பு என்று உணர்கிறார். கோட்பாடு, அறவியல், பிற சமயங்கள், மறைப்பணி வரலாறு, ஆற்றுப்படுத்தல் என்று பாடங்கள் தொடரும். கல்லூரி ஆலயத்தில் மாணவர் அருளுரை ஆற்ற, பிறகு ஆசிரியரும் சக மாணவரும் அதை வரிவரியாகக் குறைகூறும் வகுப்பு பலருக்கும் மறக்க முடியாதது. ஞாயிறுதோறும் அருகிலுள்ள சபைகளுக்குப் பணிக்கும் போக வேண்டும்.

அரசரடி

தென்னிந்தியத் திருச்சபையின் திருமறையூர்க் கல்லூரியும் லுத்தரன் சபையாரின் பயிற்சிப் பணியும் இணைந்து, 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவானது. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் ஒரு காலத்தில் கற்பித்தவர் ஸ்டீபன் நீல். பின்னர் திருநெல்வேலிப் பேராயரானவர்.

அரசரடியின் தனித்தன்மை இரண்டு. ஒன்று, தமிழிலேயே பட்டப்படிப்பைக் கற்பித்தது. ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் சிந்தித்து எழுத வேண்டிய கட்டாயம், மாணவருக்குச் சுமையாக இருந்தாலும், மேடையேறும் நாளில் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் தேர்வெழுதி முதல் வகுப்பில் தேறிய ஒருவர், கிராமத்துப் பிரசங்க மேடையில் நின்று ‘உடன்படிக்கை’ என்றால் என்ன என்று களத்துமேட்டுப் பெண்களுக்குச் சொல்ல முடியாமல் தடுமாறுவது அரிதான காட்சியன்று.

மற்றொன்று, வளாகத்துக்கு வெளியே வாழும் பயிற்சி. மாணவர் சிறு குழுக்களாகச் சேரிகளிலும் கிராமங்களிலும் தங்கி, அம்மக்களோடு உண்டு உழைத்து, அங்கிருந்தே இறையியலை எண்ணிப்பார்க்க வேண்டும். இந்தத் திசையில் கல்லூரியை வழிநடத்தியவர்களில் சாமுவேல் அமிர்தம் முக்கியமானவர். பின்னாளில் உலகத் திருச்சபை மன்றத்தின் இறையியல் கல்விப் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். அங்கே கற்பித்த ஜே. தியாபிலஸ் அப்பாவு (‘பறட்டை’), கர்நாடக இசைக் கீர்த்தனைகள் கோலோச்சிய வழிபாட்டில் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் அமர்த்தினார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்ணும் வாழ்வை நற்கருணையின் பொருளாக அவர் கண்டார். 1981இல் அரவிந்த் பி. நிர்மல் பெங்களூரில் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியலுக்கு, மதுரையின் குரல் பாட்டாகவே வந்து சேர்ந்தது. குருத்துவக் கல்வி தமிழுக்குச் செய்த கொடைகளில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்.

கத்தோலிக்கக் குருமடம்

கத்தோலிக்கரின் குருமட அமைப்பு 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் இட்ட ஆணையிலிருந்து தொடங்குகிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக 1893இல் கண்டி அம்பிட்டியில் பாப்பரசர் குருமடம் நிறுவப்பட்டது. 1955இல் அது புனேவுக்கு மாறியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி மெய்யியலும் இறையியலுமாக ஆறு முழு ஆண்டுகள் படிக்க வேண்டும். இடையில் களப்பணி ஆண்டும் சேர்ந்தால் காலம் இன்னும் நீளும். குருப்பட்டத்துக்கு இருபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். சீர்திருத்தச் சபைக் கல்லூரியில் மணமான மாணவர் குடும்பத்தோடு தங்கிப் படிக்கலாம். குருமட மாணவரான ‘பிரதர்’ மணத்துறவை ஏற்கப் பழகுகிறார். அதனால் ஆன்மிக வழிகாட்டியின் இடம் அங்கே பேராசிரியரின் இடத்துக்கு நிகரானது. சென்னை பூந்தமல்லியிலும் திருச்சியிலும் பெரிய குருமடங்கள் உள்ளன. சென்னையில் இயேசு சபையினரின் அருள்கடல், இறையியலைத் தமிழ்ச் சூழலில் கற்பிக்க எழுந்தது.

பெண்களும் தொலைநிலைக் கல்வியும்

தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருத்துவத்துக்கு ஏற்கிறது. 2013இல் நந்தியால் பேராயராகப் புஷ்பலலிதா பொறுப்பேற்றபோது அச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். எனினும் பி.டி. முடித்த பெண்களுக்குச் சபைப் பொறுப்பு தருவதில் திருமண்டலங்கள் (பேராயரின் ஆட்சிப் பகுதிகள்) காட்டும் தயக்கம் முற்றும் நீங்கிவிடவில்லை.

வேலையை விடாமல் படிக்க விரும்புவோருக்காக 1971இல் பெங்களூரில் டாஃப்டீ என்னும் விரிவாக்கக் கல்வி அமைப்பு தொடங்கியது. கவுதமாலாவில் 1960களில் பிரெஸ்பிட்டேரியன் சபையார் செய்து பார்த்த முறை அது. பட்டப்படிப்பே தேவையில்லை என்னும் நிலைப்பாடும் தமிழகத்தில் உண்டு: பெந்தெகொஸ்தே மிஷன் சபை தன் ஊழியரிடம் இறையியல் பட்டம் கேட்பதில்லை; விசுவாச வீட்டில் மூத்த ஊழியரோடு கூடி வாழ்வதையே பயிற்சியாகக் கொள்கிறது.

சேர விரும்புவோர் அறிய வேண்டியது

பெரும்பாலான கல்லூரிகள் தனியாக வரும் விண்ணப்பத்தைவிடச் சபையின் பரிந்துரையோடு வருவதையே விரும்புகின்றன. திருமண்டலம் தேர்ந்து அனுப்பும் மாணவருக்குப் படிப்புச் செலவில் உதவி கிடைப்பதுண்டு. படிப்புக்குப் பின் சில காலம் சபையில் பயிற்சிப் பணி, பிறகு உதவிக் குரு, பிறகு முழுக் குருப்பட்டம் என்பது தென்னிந்தியத் திருச்சபையில் வழக்கமான படிநிலை.

எந்த அங்கீகாரமும் இல்லாத வேதாகமக் கல்லூரிகளும், பணம் கட்டினால் சில வாரத்தில் ‘டாக்டர்’ பட்டம் தரும் அமைப்புகளும் இன்று சுவரொட்டிகளில் நிறைந்திருக்கின்றன. அந்தப் பட்டம் பெயருக்கு முன்னால் அழகாக இருக்கும். திருமண்டல அலுவலகத்தில் செல்லாது. ஆகவே கட்டணம் செலுத்தும் முன், அந்தக் கல்லூரி செராம்பூர் செனட்டிலோ ஆசிய இறையியல் கழகத்திலோ இணைந்ததா, உங்கள் சபை அதன் பட்டத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.