அப்பிள் தோட்டத்துச் சிற்றுண்ணிகள்

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து அப்பிள் தோட்டங்களில், காயைத் துளைக்கும் அந்துப்பூச்சியை ஒழித்தற்கு ஈய ஆர்சனேற்றே நெடுங்காலம் தெளிக்கப்பட்டு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதனிடத்தை டி. டி. ரீ. பெற்றது. அந்துப்பூச்சி மாண்டது, ஆயின், முன்னர் அத்துணைப் பெருந்தீங்கு விளைக்காத சிலந்திச் சிற்றுண்ணிகள் அளவின்றிப் பெருகி, இலைச்சாற்றை உறிஞ்சி மரங்களை வாட்டின. காரணம் யாது? அவற்றைத் தின்று வாழ்ந்த இரைகௌவும் சிற்றுண்ணிகளையும் அந்நஞ்சு கொன்றமையே முதற் காரணமாம். பகைவனுக்கு வழிதிறந்து விட்டவர் தோட்டக்காரரே என்க. பின்னர் உண்ணிகொல்லி மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றைத் தாங்கும் ஆற்றலையும் சிலந்திச் சிற்றுண்ணிகள் விரைவிற் பெற்றன.

1960களில் வெனாற்சி நகரில் ஆய்வு நடாத்திய ஸ்ரான்லி ஹொயிற் என்பார் வேறு வழி கண்டார். பல்லாண்டு தெளிப்புக்கு ஆளான தோட்டங்களில், இரைகௌவிகளுள் ஓரினம், அந்துப்பூச்சிக்கென அக்காலத்து இடப்பட்ட அசின்பொஸ்மெதைல் என்னும் மருந்தைத் தாங்கும் வலிமையைத் தானும் பெற்றிருந்தது. ஆகவே அம்மருந்தை அளவு குறைத்து இட்டு, இரைகௌவியைக் கொல்லும் ஏனையவற்றை விலக்கின், சிலந்திச் சிற்றுண்ணி அடங்கும் என்பதை அவர் 1969இல் வெளியிட்டார். இதனினும் நுட்பமானது பிறிதொன்று. இலையிற் சிறுதீங்கே விளைக்கும் துருச் சிற்றுண்ணியை முற்றாக அழியாது விடுதல் நன்று என்பதும் அவ்வாய்வின் துணிபாகும். உழவர்க்கு எளிதில் உடன்பாடாகும் கருத்தன்று இது. எனினும், சிலந்திச் சிற்றுண்ணி அருகிய காலத்து இரைகௌவிக்கு உணவாகி, அதனை மரத்திலேயே தங்கவைப்பது அத்துருச் சிற்றுண்ணியே.