ஏழு ரூபாய் மீட்டர், நூத்திப் பத்து ரூபாய் வாடகை

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. போன மாசம் பொட்டி தட்டுற வேலையாவே மும்பை போக வேண்டி வந்துச்சு. ஏர்போர்ட்டை விட்டு வெளிய வந்து கறுப்பு மஞ்சள் டாக்ஸில உக்காந்ததும் கொசுவர்த்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

2010 டிசம்பர். எனக்குப் பதிமூணு வயசு. எனக்கும் அப்பாவுக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். மாட்டுங்காவுல பெரியப்பா வீட்டுக்குப் போகணும். ப்ரீபெய்ட் கவுண்டர்ல நின்ன வரிசையைப் பார்த்து மலைச்சுப் போன அப்பா, பெட்டியும் கையுமா ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போய் ஒரு பத்மினியை நிறுத்தினார். மேல கேரியர். ஸ்டியரிங் ஓரத்துல கியர். இடது பக்கம், கண்ணாடிக்கு வெளிய ஒரு இரும்புப் பொட்டி. டிரைவர் எட்டி அதைத் திருப்பினதும் டிங்னு ஒரு சத்தம்.

மாட்டுங்காவுல இறங்கும்போது மீட்டர் 6.90 காட்டுச்சு. டிரைவர் கேட்டது நூத்திப் பத்து ரூபாய்.

அப்பா சென்னை ஆட்டோக்கள்ல பல வருஷம் அடிபட்டவர். நம்ம ஊர்ல மீட்டர்ங்கறது அப்போ அழகுக்கு மாட்டின சாமான். இங்கயாவது ஓடுதேன்னு வழி முழுக்க சந்தோஷப்பட்டுக்கிட்டு வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவருக்குத் தெரிஞ்ச இந்தில ஒரே ஒரு வார்த்தை மட்டும் சுத்தமா வந்துச்சு: "சோர்". திருடன். அந்த மனுஷன் பதிலே பேசல. ஒரு அழுக்கேறின அட்டையை எடுத்து விரலை வச்சுக் காட்டினார். 6.90-க்கு நேரா 110.

அந்த அட்டையோட கதை எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

முதல்ல பேரு. டாக்ஸிங்கற பேரே வண்டியால வந்ததில்ல, மீட்டரால வந்தது. வாடகையை அளக்கற கருவி டாக்ஸிமீட்டர், அதைச் சுருக்கினா டாக்ஸி. இன்னிக்கு நாம சொல்ற வகை மீட்டரை 1891-ல ஜெர்மனிக்காரர் ப்ரூன் உருவாக்கினார். 1897-ல டைம்லர் கம்பெனி மீட்டர் வச்ச மோட்டார் வண்டி ஒண்ணை ஸ்டுட்கார்ட்ல கிரெய்னர்ங்கறவருக்குச் செஞ்சு கொடுத்துது. லண்டன்ல 1907-ல மீட்டர் கட்டாயமாச்சு. பம்பாய்க்கு மோட்டார் டாக்ஸி வந்தது 1911-ல.

உள்ள இருக்கறது பல்சக்கரங்கள்தான். வண்டி ஓடினா சக்கரத்தோட சுழற்சி ஒரு கேபிள் வழியா வந்து எண்ணைத் தள்ளும். சிக்னல்ல நின்னா உள்ள இருக்கற கடிகாரம் அந்த வேலையை எடுத்துக்கும். ரெண்டுல எது வேகமோ அது ஜெயிக்கும். ஒரு வரி கோடு கிடையாது, மின்சாரம் கிடையாது. நான் எழுதினா இதுக்கு நாலு பக் வரும் :-)

பிரச்சனை எங்கன்னா, கட்டணம் அந்தப் பல்லுக்குள்ளயே செதுக்கின மாதிரி. பெட்ரோல் விலை ஏறி கட்டணம் கூடறப்பல்லாம் ஊர்ல இருக்கற அத்தனை மீட்டரையும் கழட்டிப் பல்சக்கரம் மாத்தணும். மும்பை அதுக்குப் பதிலா மீட்டரை அப்படியே விட்டுட்டு அட்டையை அடிச்சுது. 2010-ல மீட்டர் 1.00 காட்டினா 16 ரூபாய், 1.6 கிலோமீட்டருக்கு. கவனிங்க, 1.6 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட ஒரு மைல். ஆக அந்த மீட்டர் ரூபாயைக் காட்டவே இல்ல. தூரத்தைக் காட்டுச்சு, ரூபாய் வேஷத்துல. வெளியூர்க்காரன் கண்ணுக்கு யோக்கியமான டிரைவரும் ஏமாத்துக்காரனாத்தான் தெரிவார். நிஜமாவே மீட்டரை வேகமா ஓட வச்சவங்களும் இருந்தாங்க, போலி அட்டை வச்சிருந்தவங்களும் இருந்தாங்க. ஆனா அவங்க பாவத்தையும் சேர்த்து இவங்க சுமந்தாங்கங்கறதுதான் எனக்கு உறுத்துது.

2012-ல மின்னணு மீட்டர் பரவலாச்சு, குறைந்தபட்ச தூரமும் 1.5 கிலோமீட்டரா மாறுச்சு. பத்மினியோட காலமும் முடிஞ்சுது. குர்லா தொழிற்சாலையில பிறந்த ஃபியட் 1100 வண்டிக்கு 1974-ல வச்ச பேரு அது. கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர்ல. 20 வருஷ வயசு வரம்பு முடிஞ்சு 2023 அக்டோபர்ல அதுவும் போச்சு.

2025 பிப்ரவரில குறைந்தபட்சக் கட்டணம் 28-லிருந்து 31 ஆச்சு. அப்பவும் மீட்டரைத் திருத்தி முடிக்கற வரைக்கும் அட்டைதான்!

அன்னிக்கு அப்பா நூத்திப் பத்தை எண்ணிக் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேக்கல. மாடிப்படி ஏறும்போது மட்டும், "அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிட்டு இருக்காதே"ன்னார்.

போன மாசம் மும்பையிலிருந்தே போன் போட்டு இந்த அட்டைக் கதை முழுக்க அவருக்குச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரிடா, அந்த அட்டையை ஏறும்போதே காட்டியிருக்கலாம்ல?"ன்னு கேக்கறார்.