முட்டுக்கொடுத்த கதை: ஹோண்டா எஞ்சினும் ஒரு அலுமினியத் தகடும்

வீட்டுச் சுவர் சாயுற மாதிரி இருந்தா ஒரு கட்டையை வெச்சு முட்டுக்கொடுப்போம். கொத்தனார் வர்ற வரைக்கும்னு சொல்லித்தான் வெப்போம். அப்புறம் அந்தக் கட்டையிலயே கொடி கட்டித் துணி காயப்போட ஆரம்பிச்சுடுவோம். பல வருஷம் கழிச்சு அதை எடுக்கலாம்னு போகும்போதுதான் கேள்வி வரும்: எடுத்தா சுவர் நிக்குமா?

கார் எஞ்சின் உலகத்துலயும் அப்படி ஒரு கட்டை உண்டு. பேரு 'பிளாக் கார்டு'. மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்ட வந்த என்னை மாதிரி ஆளுங்களுக்கு இதோட வரலாறு ரொம்பப் பரிச்சயமான கதையாத் தெரியும். பொறுமையா வாங்க, சொல்றேன்.

முதல்ல எஞ்சின் பிளாக். ஒரு அண்டாவுக்குள்ள நாலு டம்ளரை ஒட்டி ஒட்டி வரிசையா நிறுத்தி, சுத்தித் தண்ணி ஊத்தினதா நினைச்சுக்கோங்க. டம்ளர்கள்தான் சிலிண்டர்கள், தண்ணிதான் கூலன்ட். டம்ளரோட வாய் மட்டும் தெரியுற மாதிரி, அண்டாவை மேல ஒரு தட்டோட சேர்த்தே வார்த்திருந்தா அது 'குளோஸ்டு டெக்'. தட்டே இல்லாம, டம்ளர்கள் அடியில மட்டும் பிடிமானத்தோட நின்னா 'ஓப்பன் டெக்'.

தட்டை ஏன் விட்டாங்க? உற்பத்தி வேகம். உருகின அலுமினியத்தை எஃகு அச்சுக்குள்ள பெரிய அழுத்தத்துல செலுத்தி வார்க்கிற முறையில, மணல்ல செஞ்ச உள்ளச்சு தாங்காது. மேல்பக்கம் திறந்திருந்தா தண்ணி போற பள்ளத்தையும் எஃகு அச்சே உருவாக்கிட்டு, நேரா மேல உருவிக்கிட்டு வந்துடும். கூடவே ஒரு லாபம்: எஞ்சின்ல ரொம்பச் சூடாகிற இடம் சிலிண்டரோட மேல் விளிம்பு. ஓப்பன் டெக்ல தண்ணி அதுவரைக்கும் தாராளமாப் போகும்.

இதை வெச்சுப் பெருசாச் சூடு பட்டது ஜெனரல் மோட்டார்ஸ். 1970 செப்டம்பர்ல வந்த செவர்லே வேகா காரோட 2.3 லிட்டர் எஞ்சின் ஓப்பன் டெக். சுமார் 17 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம், உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது. எஞ்சின் அதிகமாச் சூடானா சிலிண்டர் வடிவம் மாறும், ஹெட் கேஸ்கட் கசியும், எண்ணெய் குடிக்கும். 1977-ல உற்பத்தி நின்னபோது 20 லட்சம் கார் வித்திருந்தாலும், கெட்ட பேருதான் மிச்சம்.

ஹோண்டா அதே ஓப்பன் டெக்கை எடுத்து, இரும்பு ஸ்லீவைச் சேர்த்து வார்த்து, நல்லபடியா ஓட்டிக் காட்டினாங்க. 1989-ல ஜப்பான்ல இன்டெக்ராவோட வந்த பி16ஏ எஞ்சின் 1595 சிசிதான். சக்தி 160 குதிரை. டர்போ இல்லாம லிட்டருக்கு நூறு! (நம்ம ஊருக்கு 1998-ல வந்த ஹோண்டா சிட்டியோட டி சீரிஸும் ஓப்பன் டெக்தான்.)

அமெரிக்கப் பசங்க சும்மா இருப்பாங்களா? 90-கள்ல சிவிக்கையும் இன்டெக்ராவையும் வாங்கி டர்போ மாட்டினாங்க. பிஸ்டன் கீழே இறங்கும்போது கனெக்டிங் ராடு சாய்ஞ்சு நிக்கும். அதனால பிஸ்டன் சிலிண்டர் சுவரைப் பக்கவாட்டுல தள்ளும். டர்போவோட அழுத்தம் ஏறினா தள்ளும் விசையும் ஏறும். மேல பிடிமானம் இல்லாத டம்ளர் மயிரிழை ஆடும், ஹெட் கேஸ்கட் போகும். முத்தினா சிலிண்டரே விரியும்.

டர்போவுக்குன்னே திட்டம் போட்டவங்க இதை முன்னாடியே யோசிச்சிருந்தாங்க. 1991-லிருந்து 94 வரைக்கும் அமெரிக்காவுல வித்த சுபாரு லெகஸி டர்போவோட ஈஜே22டி எஞ்சின், பிறக்கும்போதே குளோஸ்டு டெக். ஹோண்டாக்காரங்களுக்கு இருந்த முறையான வழி, பழைய ஸ்லீவைக் கடைஞ்சு எடுத்துட்டுத் தடிச்ச ஸ்லீவ் போடுறது. டார்ட்டன் மாதிரி கம்பெனிகளோட ஸ்லீவ்கள், மேல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து டெக்கையே மூடிடும். ஆனா அதுக்கு நல்ல மெஷின் ஷாப் வேணும், காசும் வேணும்.

காசில்லாதவங்களுக்கு வந்ததுதான் பிளாக் கார்டு. தண்ணிப் பள்ளத்தோட வடிவத்துக்கே வெட்டின அலுமினியத் தகடு. தண்ணி போக நடுநடுவுல ஓட்டை. ஹெட்டைக் கழட்டி, சுத்தியலால பதமாத் தட்டி இறக்கினா முடிஞ்சது. சிலிண்டர் ஆடாது. சரியான தற்காலிகத் தீர்வு, அதாவது நம்ம பாஷையில பேட்ச் :-)

பக்கவிளைவு என்ன? தகடு உக்காருற இடம், தண்ணி அதிகமா வேண்டிய அதே மேல் விளிம்பு. தண்ணி ஓட்டம் குறைஞ்சா அங்கங்கே சூடு தேங்கும். இறுக்கமாத் தட்டினா சிலிண்டர் வட்டம் கெடும். சூட்டுல மேல்பக்கம் விரிய வழியில்லாம வடிவம் இன்னும் மாறும். இதைப் போட்டவங்களை முட்டாள்னு சொல்ல மாட்டேன். கால் மைல் பந்தயத்துக்கு ஓட்டினவனுக்கும் தினமும் வேலைக்கு ஓட்டினவனுக்கும் தேவை வேற. ஆனா கார் கை மாறும்போது காரணம் கூடவே மாறுறதில்லை. யாரோ, என்னிக்கோ, எதுக்கோ போட்டதுன்னு மட்டும்தான் மிஞ்சும். கமெண்ட் இல்லாத கோடு மாதிரி.

இன்னிக்கு ஒருத்தர் ஹெட்டைக் கழட்டி இந்தத் தகட்டைப் பார்த்தா என்ன செய்யணும்? ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது. டெக் பரப்புல கீறல் விழுந்தா கேஸ்கட் உக்காராது. தகட்டுல ஓட்டை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முடுக்கி, நேர் மேல கொஞ்சம் கொஞ்சமா எல்லாப் பக்கமும் சமமா இழுக்கணும். ஓட்டை போடும்போது விழுற பிசிறு தண்ணிப் பாதையில தங்கவே கூடாது.

முக்கியமான வேலை அதுக்கப்புறம்தான். நாம கோடுல ரிவர்ட் அடிச்சா பழைய நிலை அப்படியே திரும்பிடும். உலோகத்துக்கு அந்த வசதி கிடையாது. வருஷக்கணக்கா அழுத்தி வெச்ச சிலிண்டர், தகட்டை எடுத்ததும் பழைய வட்டத்துக்கே வரும்னு நம்ப முடியாது. தகட்டோட இருக்கும்போது ஹோனிங் பண்ணின சிலிண்டர்னா, எடுத்தபிறகு வட்டமா இருக்காமலும் போகலாம். அதனால டயல் போர் கேஜ் வெச்சு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழ, ரெண்டு திசையிலயும் அளக்கணும். டார்க் பிளேட் மாட்டி ஹோனிங் பண்ணணும். தேய்மானம் அதிகம்னா பெரிய பிஸ்டனோ புது ஸ்லீவோதான் கதி. பி சீரிஸ் உற்பத்தி நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இருக்கிற பிளாக்கைக் கெடுத்தா, கிடைக்கிறது இன்னொரு கிழட்டு பிளாக்தான்.

பெரிய கம்பெனிகளும் இந்தச் சுத்து சுத்தித்தான் வந்திருக்காங்க. 2006-ல வந்த பிஎம்டபிள்யூவோட என்54 டர்போ எஞ்சின் ஓப்பன் டெக். 2015-ல வந்த பி58 குளோஸ்டு டெக். பலம் வேணும்னா வார்க்கும்போதே கொடுக்கணும்னு போயிட்டாங்க.

முட்டுக்கொடுக்கிறது தப்பில்லை மக்களே. ஆனா ஏன் கொடுத்தோம், எப்ப எடுக்கணும்னு அது பக்கத்துலயே எழுதி வைங்க. எடுக்கப் போறவன் நீங்களா இருக்க மாட்டீங்க.