எள்ளலும் ஈரமும்: கலைவாணர் – மதுரம் இணை

நகை பிறக்கும் களன்கள் நான்கென வகுத்த தொல்காப்பியர், எள்ளலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எள்ளல் கேட்போரை அதிரச் செய்யும். ஈரமற்ற எள்ளலோ புண்படுத்துவதோடு நின்றுவிடும். தமிழ்த் திரையில் இவ்விரண்டையும் ஒருசேர நிறுத்திக் காட்டியோர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் ஆவர்.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கிருஷ்ணன், வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பயின்று திரைக்கு வந்தவர். 'வசந்தசேனா' (1936) படத்தில் மதுரத்தோடு இணைந்தார். திரையில் தொடங்கிய இணை இல்வாழ்விலும் தொடர்ந்தது.

கலைவாணர் தொட்ட பொருள்கள் அக்கால அவையை அதிரவைக்கக் கூடியவை. மெய்யே பேசிய அரிச்சந்திரனைத் தலைகீழாக்கிப் பொய்யனைத் தலைவனாக்கியது பம்மல் சம்பந்த முதலியாரின் 'சந்திரஹரி'. அது 1941-இல் திரைக்கு வந்தபோது அதில் அவர் நடித்தார். நந்தனார் சரித்திரத்தை அதன் கதாகாலட்சேப வடிவிலேயே 'கிந்தனார்' என மாற்றிப் பாடினார். 'நல்லதம்பி' (1949) படத்தில் அது இடம்பெற்றது. சேரிச் சிறுவனான கிந்தன் நாடுவது தில்லையை அன்று, கல்வியை. சிரிப்பு அவன்மேல் பாயவில்லை. அவனை விலக்கி வைத்த வழக்கத்தின்மேல் பாய்ந்தது.

இவ்வெள்ளலுக்கு ஈரம் எங்கிருந்து வந்தது? இருவரும் தோன்றும் காட்சிகளை நோக்கின் விடை கிடைக்கும். கிருஷ்ணன் அளந்துவிடுவார், மதுரம் மடக்குவார். ஊருக்கு அறிவுரை கூறியவரே மதுரத்தின் முன் வாயடைத்து நிற்பதைக் கண்ட அவையினர், அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றனர். பிறரை எள்ளும் உரிமையை, தாம் எள்ளப்பட இசைந்ததனால் அவர் பெற்றார். அவ்வாய்ப்பை அவருக்கு அளித்தவர் மதுரம்.

இவ்விணைக்குப் பெருஞ்சோதனை திரைக்கு வெளியே நேர்ந்தது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதான கிருஷ்ணன், 1945-இல் ஆயுள் தண்டனை பெற்று, 1947-இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். அவ்விடைக்காலத்தில் எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைக் காத்தவர் மதுரமே. கைம்பெண் மறுமணத்தை எடுத்துரைத்த 'பைத்தியக்காரன்' (1947) படத்தை அக்குழுவினர் தொடங்கினர். சிறை மீண்ட கிருஷ்ணனுக்கு அதில் ஒரு வேடமும் அமைத்தனர். மதுரத்தைக் கலைவாணரின் துணை நடிகை என்ற அளவில் குறுக்குவோர் இவ்வாண்டுகளை மறந்தோரே ஆவர்.

கிருஷ்ணன் 1957-இலும் மதுரம் 1974-இலும் மறைந்தனர். அங்கதம் பாட முனையும் கவிஞர்க்கு அவர்கள் விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு: எள்ளுவோன் அருகில் அவனை எள்ளவல்ல அன்புடையார் ஒருவர் இருத்தல் வேண்டும்.